உப்பு போட்ட ஐஸ்

சோலைச்சாமி ராஜபாளையத்துத் தெருக்களில் பத்து வருஷம் குச்சி ஐஸ் விற்றவர். பிறகுதான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், தாவரவியல் துறைக்கு அட்டெண்டராக வந்தார். வண்டியை விட்டாலும் வண்டிப் பழக்கம் அவரை விடவில்லை. குளிர்ச்சி கூடவேண்டுமென்றால் ஐஸில் கல்லுப்பை அள்ளிப் போடவேண்டும் என்பது அவர் கைக்கே தெரியும்.

1992 சித்திரையில் அந்தக் கை அவரை நன்றாக மாட்டிவிட்டது.

அங்கே ஆராய்ச்சி செய்த அசீனா, தூத்துக்குடி உப்பளத்து ஓரத்திலிருந்து உமரிச் செடியைக் கொண்டுவந்து தொட்டியில் வளர்த்தாள். பக்கத்துத் தொட்டிகளில் தண்டுக்கீரை. இரண்டுக்கும் பன்னிரண்டு நாள் உப்புத்தண்ணீர். கிராம் கணக்கில் உப்பை நிறுத்துக் கரைத்து ஊற்றியது சோலைச்சாமி. ஞாயிற்றுக்கிழமைகூட சைக்கிளில் வந்துவிடுவார்.

"இந்தத் தண்ணியக் குடிச்சிட்டு உமரி எப்படி பாப்பா கொழுகொழுன்னு நிக்கி? கீரை செத்துக்கிட்டு வருதே!"

"உப்பு ஏறுனா இலைக்குள்ள பெராக்சைடுன்னு ஒரு விஷம் ஊறும்ணே. அத உடைச்சுத் தண்ணியாக்க ஒரு என்சைம் இருக்கு. எல்லாச் செடியிலயும் உண்டு. உப்பு பட்டதும் உமரியோட ஜீன் அத நெறையச் செய்யச் சொல்லுதுன்னு நினைக்கேன். ஆனா காட்டணும்ல!"

காட்டும் வழி இதுதான். இலையை அரைத்து, சாற்றில் பெராக்சைடை விட்டால் நுரை பொங்கும். என்சைம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நுரை. அரைக்கும்போது சூடுபட்டாலோ, சாற்றில் நேராக உப்பு கலந்தாலோ என்சைம் கெட்டுப்போகும். அதனால் கல்வத்தை, அதாவது அரைக்கும் குழிக்கல்லை, ஐஸ் தட்டில் வைத்துத்தான் அரைக்கவேண்டும். முதல் நாள் இரண்டு செடிக்கும் இரண்டிரண்டு சென்டிமீட்டர் நுரை வந்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் கரண்ட் இல்லை, பிரிட்ஜில் ஐஸும் இல்லை. சோலைச்சாமி விடியற்காலையிலேயே ராஜபாளையம் போய், மரத்தூளும் சாக்கும் சுற்றி ஐஸ் பார் கொண்டுவந்தார். உமரியை அரைத்து முடித்தபோது நுரை ஐந்து சென்டிமீட்டர். கீரையின் முறை வருவதற்குள் ஐஸ் பாதி உருகிவிட்டது. அசீனா இலை பறிக்கப் போயிருந்தாள். குளிர்ச்சி குறைகிறதே என்று பதறி, கேன்டீன் உப்பை இரண்டு கைப்பிடி தட்டில் போட்டார். கல்வத்தை அதில் அமுக்கி வைக்கும்போது உப்புத்தண்ணீர் உள்ளே தெறித்ததை அவர் பெரிதாக நினைக்கவில்லை.

கீரைச் சாற்றில் நுரை எழும்பவே இல்லை.

"பாத்தீகளாண்ணே! நான் நினைச்சதுக்கு மேலயே வந்திருக்கு!" அசீனா துள்ளிக்கொண்டு நோட்டில் எழுதினாள்.

சோலைச்சாமி தட்டைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை நிலைக்குமோ என்னவோ. ஆனால் சொல்லாவிட்டால், அவர் நிறுத்து நிறுத்து ஊற்றிய பன்னிரண்டு நாளும் பொய்யாகிவிடும்.

"பாப்பா, செத்த எழுதாத. அந்தத் தட்டுல நான் உப்பு போட்டுட்டேன். சாத்துல தெறிச்சிருச்சு."

"உப்பா? எதுக்குண்ணே?"

"ஐஸ் வண்டிப் புத்தி."

அசீனா தலையில் கை வைத்துக்கொண்டாள். "பன்னெண்டு நாளா கிராம் கணக்கு! கடைசில கைப்பிடிக் கணக்கா? நாளைக்குக் கீரை இருக்காதேண்ணே."

"இலை மிச்சம் இருக்கா?"

"இன்னொரு தடவைக்கு மட்டும் காணும்."

"பறிச்சிராத. வாரேன்."

மணி பதினொன்று. போக பதினொரு கிலோமீட்டர், வர பதினொரு கிலோமீட்டர். சொட்டும் சாக்கை எந்த பஸ்ஸிலும் ஏற்றமாட்டார்கள். சித்திரை வெயிலில் சைக்கிளை மிதித்தார். இரண்டு மணிக்கு வந்து இறக்கியபோது பாரில் பாதிதான் மிஞ்சியிருந்தது. அது போதும்.

இந்த முறை கீரையில் ஒன்றரை சென்டிமீட்டர் நுரை வந்தது.

"வித்தியாசம் கொறைஞ்சிருச்சே பாப்பா."

"கொறைஞ்சாலும் இருக்குல்லண்ணே! இதுதான் நெசம்." அசீனா பழைய எண்ணை ஒரே கோடாக அடித்து, 'ஐஸில் போட்ட உப்பு கலந்தது' என்று பக்கத்தில் எழுதினாள். பேனாவை நீட்டினாள்.

"இத புரொபசர் பார்ப்பாகளா?"

"பார்ப்பாக."

சோலைச்சாமி வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு, எழுத்துக் கூட்டித் தன் முழுப்பெயரையும் அங்கே போட்டார்.