ரத்தக்குழாய் பார்க்கிற ரூம்

கழுத்து வழியே மூளைக்கு ஏறும் தமனி, காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் சிரை, இவற்றில் ரத்தம் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஸ்கேன் செய்து பார்ப்பது என் தொழில். திருச்சியில், ஏ.சி. குளிரில், விளக்கணைத்த ரூமில், கையெல்லாம் ஜெல்லோடு உட்கார்ந்திருக்கிறேன். இதே வேலையில் நீங்களும் இருந்தால் என் பாடு சொல்லாமலே புரியும்.

புஸ் புஸ்

மணப்பாறை லைனில் பஸ் ஓட்டும் டிரைவர் ஒருவர் தலைசுற்றலோடு வந்தார். கழுத்துத் தமனியில் அடைப்பு இருந்தால் இனி ஸ்டியரிங்கைத் தொட முடியாது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

மெஷினில் ரத்தம் ஓடும் சத்தம் புஸ் புஸ் என்று கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு கவனமாகக் கேட்டார். அடைப்பு இல்லை, இரண்டு பக்கமும் நன்றாக ஓடுகிறது என்றேன். எழுந்து காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நல்லா ஓடுற வண்டிய எதுக்குங்க மேடம் ஷெட்டுல கொண்டாந்து விட்டாங்க?"

சிவப்பும் நீலமும்

ஸ்ரீரங்கத்து மாமா ஒருவர் திரையைப் பார்த்துக் கலங்கிப்போனார். கழுத்துக்குள் சிவப்பாக ஒன்று, நீலமாக ஒன்று. சிவப்பு மேலே போகும் தமனி, நீலம் கீழே இறங்கும் சிரை, மெஷின் அப்படித்தான் கலர் காட்டும் என்று விளக்கினேன். முகம் தெளிந்தது.

"நீலம் பெருமாள் வர்ணம், அவர் பார்த்துப்பர். சேப்பை மட்டும் நீங்க பார்த்துக்கோங்கோ."

மூச்சு

துபாயில் கணவரைப் பார்த்துவிட்டு ஃபிளைட்டில் திரும்பிய ஒரு அக்காவுக்கு ஒரு கால் மட்டும் வீங்கிவிட்டது. பெரிய கடைவீதிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். தொடைச் சிரையில் ரத்தம் உறைந்திருந்து, அது நகர்ந்தால் நுரையீரலையே அடைத்துவிடும், விளையாட்டில்லை. துபாய்க்கு நான்தான் கூப்பிட்டேன், என்னால்தான் வந்தது என்று புலம்பிய கணவர், வீடியோ காலில் ஸ்கேனைப் பார்த்தே தீருவேன் என்றார். போனைத் தலைமாட்டில் சாய்த்து வைத்தோம்.

அக்காவை மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். தொடையிலிருந்து முழங்கால்வரை அமுக்கிப் பார்த்தேன். உறைவு எங்கேயும் இல்லை. மூச்சை விடலாம் என்று அக்காவின் தோளைத் தட்டினேன். அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போனில் மட்டும் சத்தமே இல்லை. உப்பிய கன்னம், பிதுங்கிய கண், அசையாத முகம். நெட் போய்விட்டது என்றேன். அக்கா எட்டிப் பார்த்தார்.

"நெட்டெல்லாம் இருக்கும்மா, அவங்களையும் மூச்சு விடச் சொல்லு."

கழுத்தைப் பிடித்தும் காலைப் பிடித்தும்தான் பிழைக்கிறேன் என்று சொன்னால், ஊரில் பாதிப் பேர் தங்கள் பிழைப்பும் அதுதான் என்கிறார்கள்.