முதல் அடியைத் தொடாதவர்

எங்கள் குடியிருப்பு லிஃப்டில் ஏறியதும் மெக்கானிக் தௌசிப் முதலில் உள்ளே ஓடும் விசிறியை நிறுத்துவார். பிறகு இடது உள்ளங்கையை எஃகுச் சுவரில் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு, கீழிருந்து நாலாவது மாடிக்கும் அங்கிருந்து தரைத்தளத்துக்குமாக மூன்று தடவை போய்வருவார். கூட யார் இருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருமுறை காய்கறிப் பையோடு மாட்டிக்கொண்ட நான், "இன்னும் எத்தனை நேரம்?" என்று கேட்டுவிட்டேன். "ஒரு நிமிசம் சார், மூணாவதுல ஏதோ மொனகுது" என்றார். எனக்கு ஒரு முனகலும் கேட்கவில்லை. மேலே மெஷின் ரூமுக்குப் போய் எதையோ முடுக்கிவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

நாற்பத்து நாலு வயது. ஒல்லி. சட்டைப் பையில் டெஸ்டர், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. பல்லாவரத்தில் பிறந்து அங்கேயே குடித்தனம். மேடவாக்கம், கோவிலம்பாக்கம், வண்டலூர் என்று முப்பத்தேழு லிஃப்டுகள் அவர் பொறுப்பில் ஏறி இறங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனை எடுக்க மாட்டார். அப்படியொரு ஞாயிறன்று எங்கள் லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நின்றுபோனது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. அவ்வப்போது பத்திரிகைகளுக்கு எழுதும் நான் சிட்லபாக்கத்தில் இருபத்துநாலு வீடுகளுக்குச் சங்கச் செயலாளர். செயலாளர் என்றால் எல்லாருடைய திட்டையும் வாங்குகிறவன் என்று பொருள். வாங்கியதில் நாலை அவருக்கும் கொடுத்துவிடலாம் என்று விலாசம் விசாரித்துக்கொண்டு ஜமீன் பல்லாவரத்துக்கே கிளம்பிவிட்டேன்.

ஓர் அச்சகத்தின் மொட்டை மாடி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை. உள்ளே மூன்று பேர். கிடாரோடு நின்று பாடிக்கொண்டிருந்தவர் ஹெப்சி, பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். டிரம்ஸுக்குப் பின்னால் மலைபோல் உட்கார்ந்திருந்தவர் சுகுமார், பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவரைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எங்கள் லிஃப்ட் மெக்கானிக். தோளில், ஆழ்ந்த சுரங்களை மட்டும் எழுப்பும் பேஸ் கிடார். 'அவுட்டர்' என்பது அவர்களுடைய ராக் குழுவின் பெயர். தாம்பரத்துக்குள் விடாமல் ரயிலை வெளியே நிறுத்திவைத்து நம் உயிரை வாங்குவார்களே, அந்த அவுட்டர்.

எனக்கு ராக் பிடிக்காது. இன்றைக்கும் பாதிதான் பிடிக்கிறது. ஆனால் நான் வாயெடுப்பதற்குள் மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் ஒரு விமானம் கூரையை உலுக்கிக்கொண்டு தலைக்கு மேல் போனது. ஹெப்சி பாட்டை நிறுத்திவிட்டார். தௌசிப் நிறுத்தவில்லை. விமானத்தின் ஓசை இறங்க இறங்க, கூடவே கம்பியில் விரலை இழுத்துக்கொண்டு அவரும் இறங்கினார். அது தேய்ந்து அடங்கிய இடத்தில் ஓர் ஆழமான சுரத்தில் வந்து உட்கார்ந்தார். அங்கிருந்து வேறொரு பாட்டு தானாகக் கிளம்பியது. அடேயப்பா என்று வாசலிலேயே நின்றுவிட்டேன். திட்ட வந்தது வீடு திரும்பி, நின்றுபோன லிஃப்டைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் போனேன். பேஸ் கிடாருக்கு நாலு கம்பி உண்டு. அவருடையதில் மூன்றுதான். மெல்லிய கம்பியை அவரே கழற்றி எறிந்துவிட்டார். "அது கத்துது சார், நமக்கு வாணாம்." கம்பிகளுக்கு அடியில் பழைய துண்டிலிருந்து கிழித்த ஒரு துணியைச் செருகி வைத்திருப்பார், நாதம் நீளாமல் பொத்பொத்தென்று விழுவதற்கு. மற்றவர்கள் இரண்டு விரலால் மீட்டுவதைக் கட்டை விரல் ஒன்றாலேயே தட்டி எடுப்பார். போன வாரம் வாசித்ததை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னால் முகம் கோணும். "போன வாரம் வேற வெயிலு சார்" என்பார். அவர் மனைவி மெஹ்னாஸைக் கேட்டால் வேறு கதை. "வெங்காயம் அரிய சொன்னாக்கூட ரெண்டு வெட்டு வெட்டிட்டு நிறுத்திடுவாரு. அப்புறம் எதையோ யோசிச்சு இன்னொண்ணு. இவர நம்பி சமைச்சா சாயங்காலம்தான் சோறு."

இவை எல்லாவற்றையும்விட விசித்திரமானது ஒன்று உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தாளம் திரும்பத் திரும்ப ஓடுகிறது அல்லவா, அதில் அந்த 'ஒன்று' வரும் இடத்தில்தான் டிரம்காரரின் வலது கால் பெரிய டிரம்மைத் 'தும்' என்று அடிக்கும். பேஸும் சரியாக அங்கேயே விழ வேண்டும். உலகமெங்கும் அதுதான் நடைமுறை. தௌசிப் ஒன்றில் விழவே மாட்டார். ஒன்று போன பிறகு வருவார், இரண்டைச் சுற்றுவார், மூன்றில் உட்காருவார், நாலிலிருந்து குதிப்பார். ஒன்றுக்கு மட்டும் வழிவிட்டு நிற்பார். கேட்கிற நமக்கு ஒவ்வொரு தடவையும் மூச்சு அரைக்கணம் நின்று வரும்.

இதற்கு நானே ஒரு தத்துவம் கண்டுபிடித்தேன். கலையில் சொல்வதைவிடச் சொல்லாமல் விடுவதே பெரிது, இந்த மனிதர் மௌனத்தை வாசிக்கிறார், அப்படி இப்படி என்று. போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் சொன்னேன். சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரிப் பிரச்சினைக்கு நடுவே கூடச் சொன்னேன். தௌசிப்பிடம் சொன்னபோது கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளினார். "ஒண்ணு சுகுமாரோடது சார். அத்த நாம எதுக்குத் தொடணும்?" என்றார்.

சுகுமார் கோவளம் பக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. பதினாறு வயதில் படகைக் கரையேற்றும்போது அது வலது காலில் சாய்ந்து கணுக்கால் முறிந்தது. கட்டுப் போட்டவர் சரியாகப் போடவில்லை. கடலுக்குப் போக முடியாமல் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு கோவிலம்பாக்கத்துக்குக் குடிவந்தார். வாசிக்கும்போது வாய்விட்டுச் சிரிப்பார். பதினைந்து வருடத்தில் அவருடைய வேன் ஒருநாளும் பள்ளிக்குத் தாமதமாகப் போனதில்லை. போன ஆகஸ்டில் ஒரு காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டு, மேடவாக்கத்தில் வேனை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங் மேல் சாய்ந்தார். அவ்வளவுதான். எத்தனை நல்ல மனிதர்! இதை எழுதும்போதும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை.

நாலு மாதம் அந்த அறை பூட்டிக் கிடந்தது. பிறகு ஹெப்சி புது டிரம்காரராகப் பிரணவைக் கூட்டிவந்தார். சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை, பணிவானவர். காதில் டிக் டிக் என்று ஓடும் கருவியை மாட்டிக்கொண்டு வாசிப்பவர், மயிரிழை பிசகாது. வினை அங்கேதான் தொடங்கியது. பிரணவின் 'ஒன்று' ஆணி அடித்ததுபோல் விழுந்தது. பக்கத்தில் பேஸ் இல்லாமல் அது தனியாக நின்றது. அழகாக இருந்த அந்த இடைவெளி இப்போது ஓட்டையாகக் கேட்டது.

"அண்ணா, ப்ளீஸ், ஒண்ணுல வாங்கண்ணா" என்று ஹெப்சி கெஞ்சினார். "பிரணவ் கரெக்டா வைக்கிறான். நீங்க அங்க இல்லாம பல்லு விழுந்த மாதிரி இருக்கு."

"வராது ஹெப்சி."

"வராதா, வர மாட்டீங்களா? சுகுமார் அண்ணனோட வருஷ நினைவுக்குப் பண்றோம். அதையாவது ஒழுங்கா பண்ண வேணாமா?"

தௌசிப் கிடாரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "அப்ப நான் நின்னுக்கறேன். வேற ஆளப் பாத்துக்கோம்மா" என்றார். பதினாலு வருடக் கூட்டு. ஹெப்சி அழுதுவிட்டார். பிரணவ் தான் ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வந்ததே கோபம். தலைக்கனம் என்றே முடிவு கட்டினேன். அடுத்த வாரம் லிஃப்டைப் பார்க்க வந்தவரை இரண்டாவது மாடியில் மடக்கி, "என்னய்யா நினைச்சுக்கிட்டிருக்க? செத்துப்போனவருக்காக ஒரே ஒரு அடி இறங்கி வர முடியாதா?" என்று கத்தினேன். எதிர் வீட்டுக் கதவு திறந்து மூடியது.

 அவர் லிஃப்டின் கதவைத் திறந்து தரையைக் காட்டினார். லிஃப்ட் மாடித் தரைக்குச் சற்றே கீழே நின்றிருந்தது.

"அரை இஞ்ச் சார். கண்ணுக்குத் தெரியாது. ஆனா கால் தடுக்கும்." குனிந்து அந்த விளிம்பை விரலால் தடவினார். "சுகுமாரு காலு அந்த மாதிரி. எப்பவுமே ஒரு பொட்டு லேட்டா வுழும். கணுக்கால் மடங்காது, அவன் இன்னா பண்ணுவான்? நான் கரெக்டா ஒண்ணுல வெச்சேன்னா ரெண்டும் தனித்தனியா கேக்கும். கேட்டுச்சின்னா அவனுக்கே தெரிஞ்சிடும். தெரிஞ்சா அன்னிக்கே குச்சிய வெச்சிட்டுப் பூட்டிருப்பான். கடலும் போச்சு, இதுவும் போச்சுன்னா அவனுக்கு வேற இன்னா கீது? அதான் ஒதுங்கிக்கினேன்."

"பதினாலு வருஷமாவா?"

"ரெண்டு, மூணு, நாலு கீதே சார். எடமா இல்ல?"

என் தத்துவம், மௌனம், கலை எல்லாம் நினைவுக்கு வந்து கூசியது. "இதை ஹெப்சிகிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"செத்தவன் காலு சரியில்லன்னு சொல்லிக்கினு திரிய சொல்றீங்களா? போங்க சார். இத்தனை வருசம் கழிச்சி இந்தக் கட்டை விரலும் அங்க போவ மாட்டேங்குது. ஒண்ணு வந்தா தானா நின்னுடுது." அரை அங்குலத்தைச் சரிசெய்ய மேலே ஏறிப் போய்விட்டார்.

நினைவு நிகழ்ச்சியில் சுகுமாருடைய பெரிய டிரம்மையே வைக்க வேண்டும் என்று ஹெப்சி விரும்பினார். அதை வாங்கிவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. தூக்க ஆள் வேண்டும் என்று தௌசிப்பை இழுத்துக்கொண்டு கோவிலம்பாக்கம் போனேன். சுகுமாரின் மனைவி ஜோதிலட்சுமி வீட்டு வாசலிலேயே மீன் விற்கிறார். நாங்கள் போனபோது பலகையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். டிரம், வேன் சீட்டின் பழைய உறையைப் போர்த்திக்கொண்டு உள்ளே, வாசல்படியை ஒட்டி இருந்தது.

"இன்னாண்ணா, நீ வாசிக்கலியாமே? ஹெப்சி போன்ல அழுவுது" என்றார். தௌசிப் தலையைக் குனிந்துகொண்டு உறையின் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். "ஒண்ணுல வர மாட்டேங்கிறியாம். ஏன்னு எனுக்குத் தெரியும்ணா. அவருக்கும் தெரியும்."

முடிச்சில் கை நின்றது.

"வேன் நிக்கசொல்ல போன்ல உங்க பாட்டத்தான் போட்டுக் கேட்டுகினு இருப்பாரு. ஒரு நாளு என்னாண்ட காட்னாரு. 'ஜோதி, இத்த கேளு. என் காலு லேட்டா வுழுது பாரு. அது வெளிய தெரியக் கூடாதுன்னு அவன் வழிய வுட்டு நிக்கிறான். எனுக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறான், லூசு. நெனச்சிகினு போவட்டும். தெரியும்னு சொன்னா கூச்சப்பட்டுகினு வராத பூடுவான்'னாரு."

"தெரியுமா அவனுக்கு?" என்றார் தௌசிப். இன்னொரு முறை, "தெரியுமா?" என்றார். வாயிலிருந்த கிராம்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். ஈரம் காயாத அந்த வாசலில் அவர் உட்கார்ந்து குலுங்கி அழுததை எழுதாமல் விடலாமென்றுதான் இருந்தேன். மனம் கேட்கவில்லை. ஜோதிலட்சுமி மீன் வாடை அடிக்கும் கையால் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தபடி, "வுடுண்ணா, வுடுண்ணா" என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே டிரம் உட்கார்ந்திருந்தது. ரேடியல் சாலையில் ஏறியதும் தௌசிப் என் பக்கம் திரும்பினார். "இத்த எழுதுவீங்களா சார்?" என்றார். நீங்கள் வேண்டாமென்றால் மாட்டேன் என்றேன். "எழுதுங்க. அவனுக்கே தெரியும்னா அப்பறம் யார்கிட்ட மறைக்கிறது?"

அன்று மாலையே ஹெப்சிக்கு போன் செய்து "வரேன்" என்று மட்டும் சொன்னாராம்.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன அரங்கம், போன ஞாயிறு, மாலை ஐந்து மணி. எண்பது நாற்காலியில் அறுபது நிரம்பியிருந்தது. சுகுமார் வேனில் போன பிள்ளைகள் சிலரும் அப்பா அம்மாவோடு வந்திருந்தார்கள். நானும் ஜோதிலட்சுமியும் பக்கவாட்டில் உட்கார்ந்ததால் தௌசிப்பின் கை எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் எப்போதும்போல் சபைக்கு முதுகைக் காட்டி, டிரம்ஸைப் பார்த்து நின்றார். பிரணவ் குச்சிகளைத் தட்டி நாலு எண்ணினார்.

ஒன்று வந்தது. பிரணவின் கால் துல்லியமாக விழுந்தது. தௌசிப்பின் கட்டை விரல் கம்பிக்கு மேல் நின்றது, ஒரு பொட்டு நேரம்தான். பிறகு விழுந்தது. இரண்டுக்கு வெகு முன்னால், ஒன்றுக்குச் சற்றே பின்னால், கணுக்கால் மடங்காத ஒரு கால் எங்கே விழுமோ சரியாக அங்கே. தும், தும் என்று இரண்டு அடி கேட்டது. ஹெப்சி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அடுத்த ஒன்றிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே. ஜோதிலட்சுமி இருக்கையிலிருந்து பாதி எழுந்து, டிரம்ஸுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்.

பாட்டு முடிந்தது. சபை கைதட்டியது. தௌசிப் கிடாரைத் தோளில் பின்னுக்குத் தள்ளிவிட்டு இரண்டு எட்டு நடந்து, குனிந்து, இடது உள்ளங்கையைச் சுகுமாரின் டிரம் மேல் பதித்துக் கண்ணை மூடிக்கொண்டார். கைதட்டல் ஓய்ந்தது. பிரணவ் எழுந்து ஒதுங்கி நின்றார். ஹெப்சி அடுத்த பாட்டின் பெயரைச் சொல்ல மைக்கருகே வந்துவிட்டுச் சொல்லாமல் காத்திருந்தார். தௌசிப் கையை எடுக்கவில்லை.