கல்யாணக் காருக்குப் பின் பிரேக்

ஓடாத காரை நாலு பேர் சேர்ந்து தள்ளிவிடலாம். நிற்காத காரை ஒன்றும் செய்ய முடியாது என்பதால்தான் எங்கள் மெக்கானிக் தொழில் நடக்கிறது. வாடிக்கையாளர் வீட்டு வாசலில், காருக்கு அடியில் மல்லாந்து படுத்து வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். பட்டறையில் வாடிக்கையாளர் ஒருவர்தான். வீட்டு வாசலில் தெருவே வாடிக்கையாளர்.

இரும்புச் சத்தம்

அறுபதுகளின் கடைசி. ராயபுரத்தில் லூர்துசாமி என்று ஒருவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பெண்ணைச் சொந்தக் காரில்தான் கோயிலுக்கு அழைத்து வருவேன் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார். சொன்னதற்காகவே ஒரு பழைய சின்னக் காரை வாங்கினார். கல்யாணத்தன்று காலையில் எனக்கு ஆள் வந்தது. மாலை நாலு மணிக்குக் கோயிலில் கல்யாணப் பூசை.

தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தேன். பெடலை மிதித்ததும் பின்சக்கரங்களில் இரும்போடு இரும்பு உராய்ந்து அலறியது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பிரேக் ஷூவில், மேலே ஒட்டியிருக்க வேண்டிய லைனிங் தேய்ந்து துளியும் இல்லை என்றேன்.

"மிதிச்சா கத்துது, அல்லாரும் வழி வுட்டுடறாங்க நைனா. நான் அத்த ஹாரனுன்னு நெனச்சிகினு கீறேன்" என்றார்.

ஐலசா

புது ஷூக்களோடு திரும்பி வந்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி மரக்கட்டை முட்டுக் கொடுத்தேன். சக்கரம் கழன்றது. உள்ளே ஷூக்களை மூடியிருந்த டிரம் அசையவில்லை. உப்புக்காற்றில் துருப்பிடித்திருக்கும் என்று மண்ணெண்ணெய் ஊற்றித் தட்டினேன். பயனில்லை.

லூர்துசாமியின் மைத்துனர் மிக்கேல் மீன்பிடிக்கிறவர். கூட்டாளிகளோடு வந்து டிரம்மில் கயிற்றைக் கட்டி, கட்டுமரத்தைக் கரையேற்றுவதுபோல் ஐலசா போட்டு இழுத்தார். டிரம் வரவில்லை. கார் வந்தது! மரக்கட்டையை விட்டு நழுவி மணலில் உட்கார்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். வண்டி உருண்டுவிடுமோ என்று லூர்துசாமி ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்திருந்தார்; ஷூக்கள் டிரம்மை உள்ளிருந்து கவ்விக்கொண்டிருந்தன. அதை விடுவித்து, காரை மறுபடி தூக்கி, இரண்டு தட்டுத் தட்டினேன். டிரம் கையோடு வந்தது.

"நங்கூரத்த போட்டுகினா மச்சான் எங்கள இஸ்க்கவுட்டே?" என்றார் மிக்கேல்.

சோதனை

ஒரு பக்கத்தை மாட்டி முடிக்காமல் மறுபக்கத்தை நான் தொடுவதில்லை. எந்த ஸ்பிரிங் எந்தத் துளையில் போகும் என்பதற்கு மறுபக்கம்தான் சாட்சி. பழைய ஷூக்களை எடுத்துவிட்டுப் புதியதைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து லூர்துசாமி உள்ளே ஏறிப் பெடலை ஓங்கி மிதித்தார். தடுக்க டிரம் இல்லாததால் சிலிண்டரிலிருந்து பிஸ்டன் தெறித்தது. பிரேக் ஆயில் என் சட்டையில். குழாய்க்குள் காற்று; அது இருக்கும்வரை பிரேக் பிடிக்காது.

கட்டை மேல் நிற்கிற காரிலிருந்து தலையை நீட்டிச் சொன்னார்: "வண்டி நிக்கிதான்னு பாத்தேன் நைனா."

மிதி, விடு

இரண்டு பக்கமும் மாட்டியாயிற்று. காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, நான் சக்கரத்தருகே ஒரு திருகைத் திறந்து மூடுவேன். மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். லூர்துசாமி முன்னதாகவே எடுத்தார். மிக்கேல் தையல் மிஷின்போல மிதித்தார். இருவராலும் காற்று கூடியதே தவிர குறையவில்லை. மூன்று மணி தாண்டிவிட்டது.

வெள்ளைப் புடவையும் பூமுடியுமாக மணப்பெண் ஸ்டெல்லா வெளியே வந்தாள். மாமா மிக்கேலை சீட்டிலிருந்து எழுப்பிவிட்டு, செருப்பைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்தாள். மிதி என்றால் மிதித்தாள். விடு என்றால் விட்டாள். குமிழ்கள் குறைந்தன, நின்றன. பெடல் கல்லாக இறுகியது! புடவையில் கறை பட்டுவிடும் என்று நான் பதறினேன்.

"பொடவைய வுடுண்ணே. இந்த வண்டி கோயில் வாசல்ல நிக்கணும், நேரா போயி கடல்ல நிக்கக் கூடாது" என்றாள்.

கைவண்டி

புது பிரேக்கை லூர்துசாமி காலில் விட மனம் வராமல் நானே ஓட்டினேன். அப்பாவும் பெண்ணும் பின்னால். வழியில் ஒரு பாலத்திலிருந்து இறங்கும்போது, ஐஸ் கட்டி ஏற்றிய கைவண்டி ஒன்று குறுக்கே வந்துவிட்டது. மிதித்தேன். கார் நேராக, ஒரு சாண் இடைவெளியில் நின்றது. லூர்துசாமி சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, சந்தோஷத்தில்.

கைவண்டிக்காரர் என்னைப் பார்த்தார், பூமுடியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "இன்னா மாப்ளே, இத்தினி அவசரம்? பொண்ணுதான் பின்னாலயே கீதே!"

பூசைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். நாங்கள் ஒழுங்காக வேலை செய்த நாளில் சாலையில் ஒன்றுமே நடப்பதில்லை. அதனால் எங்களைப் பற்றிச் சொல்ல ஊரில் யாருக்கும் ஒரு கதைகூடக் கிடைப்பதில்லை.