நாரை விட்டுப்போன கண்மாய்

தூத்துக்குடியில் ரயிலேறும்போதே வலைமூட்டையால் தொல்லை. மூன்றாம் வகுப்பில் அதை வைக்க இடமில்லை. சாமான் வண்டியில் போட்டால் எலி கடித்துவிடும் என்று எனக்குப் பயம். கடைசியில் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கோவில்பட்டியில் ஏறிய பருத்தி வியாபாரி ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். புது வலை ஐயா, இன்னும் மீன் முகத்தையே பார்க்காதது என்று எவ்வளவோ சொன்னேன். மனிதர் சாத்தூர் வரைக்கும் கையை எடுக்கவே இல்லை.

எனக்குத் தொழில் வலை முடைந்து விற்பது. என் அக்காளை, எங்கள் வீட்டு வழக்கப்படி லாத்தாவை, ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே மலையோரம் நத்தமேடு என்கிற ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. மச்சான் மைதீன் ராவுத்தர் அந்த ஊர்க் கண்மாயில் மீன் குத்தகை எடுத்தவர். மாசியில் தண்ணீர் இறங்கியதும் மீன் பிடிக்கவேண்டும், மூன்று விரல் நுழைகிற கண்ணில் பெருவலை ஒன்று கொண்டு வா என்று ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார். அந்த வலையில் நிற்கிற மீன் முழங்கை நீளமாவது இருக்கவேண்டும். மச்சான் காட்டில் மழைதான் என்று எனக்கு ஒரே குஷி.

சாத்தூரில் இறங்கும்போது காலை ஒன்பது மணி. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இருபது மைலுக்கு மேல் இருக்கும். இருளப்பன் என்கிற வண்டிக்காரன் இரண்டு ரூபாய் கேட்டான். வாய் வலிக்கப் பேசி ஒன்றேகாலுக்குக் கொண்டுவந்தேன். வண்டி குலுக்கின குலுக்கலில், மிச்சம் பிடித்த காசு இடுப்பு வலிக்குத் தைலம் வாங்கத்தான் ஆகும் என்று தெரிந்துபோயிற்று. சிவகாசியில் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டுக் கட்டுச்சோற்றைத் தின்றோம்.

சிவகாசியைத் தாண்டினால் வழி நெடுகக் கண்மாய்கள். மாசி வெயிலில் தண்ணீர் வற்றிச் சேறும் சகதியுமாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் நாரை, கொக்கு, நீர்க்காகம். செங்கால் நாரைகள் முழங்கால் தண்ணீரில் நின்று அலகைத் திறந்து துழாவிக்கொண்டிருந்தன. ஒன்று என் கண்முன்னாலேயே சாண் நீளக் கெளுத்தி ஒன்றை முழுசாக விழுங்கிற்று. பொழுது சாய்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், அவை கூட்டம் கூட்டமாக எழும்பி எங்கள் தலைக்கு மேலே மலையைப் பார்த்துப் பறந்தன. "குஞ்சுக்கு இரை கொண்டு போவுது" என்றான் இருளப்பன். எங்கே போகின்றன என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் லாத்தா ஊருக்குத்தான்.

மூன்று வருஷத்துக்கு முன் லாத்தாவைப் பார்க்க வந்தபோது கண்ட கண்மாய் அது. உள்ளே நூறு கருவேல மரம். மரம் கொள்ளாமல் கூடு. ஊர் எல்லைக் கல்லண்டை வந்ததும் வண்டிக்காரர்கள் இறங்கி, மாட்டுக் கழுத்து மணிக்குள் வைக்கோலைத் திணித்துவிடுவார்கள். குஞ்சு பறக்கிற வரைக்கும் ஊருக்குள் கொட்டு கிடையாது, வெடி கிடையாது. கல்யாண மேளம்கூட எல்லைக்கு வெளியேதான். தண்ணீர் கெட்டியான பச்சை. நாற்றம் குடலைப் புரட்டும். ஆனால் அந்த மடைத்தண்ணீர் பாய்கிற வயலுக்கு ஒருத்தரும் எரு அடித்து நான் பார்க்கவில்லை. அப்போது எனக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. கெளுத்திக் குழம்பு வை என்று லாத்தாவிடம் கேட்டேன். இந்தக் கண்மாயில் கெண்டையும் விராலும்தான், கெளுத்தி வேணுமென்றால் கிழக்கே போய்ப் பிடித்துக்கொண்டு வா என்று விரட்டிவிட்டாள்.

ராத்திரி ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கிவிட்டு விடிந்ததும் புறப்பட்டோம். ராஜபாளையம் ரஸ்தாவில் மூன்று மைல், பிறகு மேற்கே வண்டிப்பாதை. எல்லைக் கல் வந்தது. இருளப்பன் இறங்கவில்லை. மணி பாட்டுக்கு ஜல்ஜல் என்று அடிக்க, வண்டி ஊருக்குள் போயிற்று. ஏனப்பா, வைக்கோல் திணிக்கவேண்டாமா என்று கேட்டேன். எதுக்கு என்று அவன் திருப்பிக் கேட்டான். கரையேறிப் பார்த்தேன். பாதி மரங்களைக் காணோம். நின்ற மரங்களில் ஒரு கூடு இல்லை. தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்து அடித்தரை தெரிந்தது. இவ்வளவு சுத்தமான கண்மாயைக் கண்டு நான் பயந்தது அன்றைக்குத்தான். கரைக்குக் கீழே அறுத்துக் கட்டிய கதிர்க்கட்டுகளை ஒரு பெண் ஒற்றைக் கையால் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

மச்சான் வீட்டில் இல்லை. லாத்தா என்னைக் கண்டதும் கஞ்சிகூட ஊற்றாமல் முதலில் சொன்னது இதுதான்: "அவியட்ட ஒண்ணும் கேக்காத. கேட்டா ராத்திரி சோறு எறங்காது அவியளுக்கு."

அவளே சொன்னாள். போன வருஷம் தை மாசம் மச்சான் ஊர்ச்சபையைக் கூட்டியிருக்கிறார். நாரைகள் இருக்கிற மட்டும் மீன் மிஞ்சாது என்பது அவர் கட்சி. மரத்தடியில் போய், கூட்டிலிருந்து தவறி விழுந்து கிடந்த மீன் ஒன்றை எடுத்து வந்து சபை நடுவில் தூக்கிக் காட்டினாராம். நல்ல பருமனான கெளுத்தி. இதைப் பாருங்கள், இது உங்கள் மீன், உங்கள் தண்ணீரில் வளர்ந்த மீன், ஒரு கூட்டுக்கு ஒரு நாளைக்கு இப்படி எத்தனை என்று கேட்டிருக்கிறார். கூட்டைக் கலைக்க விட்டால் மறுவருஷம் மீன் இரட்டிக்கும், வீட்டுக்கு ஒரு கூடை நான் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார். மச்சானுடைய பேச்சு எனக்குத் தெரியாதா? உப்பளக்காரனுக்கே உப்பு விற்கக்கூடியவர். ஊர் தலையாட்டிவிட்டது. மூன்று நாள் கொட்டு, தகரம், வெடி. கூட்டோடு குஞ்சுகள் விழுந்தன. தாய்ப்பறவைகள் கொஞ்ச நாள் மேலே சுற்றிவிட்டுப் போயின. காலிமரத்தில் பாதியைக் கரிக்கு வெட்டினார்கள்.

இந்த வருஷம் அவை வரவில்லை. கார்த்திகையிலேயே பயிர் வெளுத்துவிட்டது. மழை குறைவில்லை, பூச்சி இல்லை. ஆனாலும் பால் பிடிக்காமல் பாதிக் கதிர் பதர். மார்கழி முழுக்க மச்சான் தனி ஆளாகத் தண்ணீருக்குள் இறங்கி, கம்பு நட்டு, முள் கட்டி, நாரை வந்து உட்காரட்டும் என்று இடம் செய்து வைத்தாராம். கரையேறிப் பார்த்தபோதே அந்தக் கம்புகளைக் கண்டிருந்தேன். துணி உலர்த்தக் கட்டினவை என்றல்லவா நினைத்தேன்!

"இப்ப அவியளுக்கு இருக்குறது மீன் ஒண்ணுதான். மீனாவது சொன்னபடி வந்துட்டா இந்த ஊர்ல தலைநிமிந்து நடப்பாவ. இல்லேன்னா எந்த மொகத்த வச்சுக்கிட்டு இங்கன இருக்குறது?" என்றாள் லாத்தா. நான் வலைமூட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஊரே கரையில் கூடிவிட்டது. வீட்டுக்கு ஒரு கூடை, சில பேர் கையில் இரண்டு. மச்சான் புதுவலையை நான்கு ஆட்களோடு விரித்து வளைத்தார். இழுக்கும்போது தண்ணீர் முழுக்க மீன் துள்ளிற்று. கரையில் ஒரே ஆரவாரம். எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்லமாட்டேன். வலை கரைக்கு வந்தபோது அதில் பாசியும் இரண்டு ஆமையும் இருந்தன. துள்ளினதெல்லாம் வலைக்கண் வழியாக ஊற்றிக்கொண்டு போய்விட்டது. மச்சான் தன் மேல்துண்டைத் தண்ணீருக்குள் விட்டு அள்ளினார். அதில் நிறையக் கெண்டை வந்தது. ஒவ்வொன்றும் என் விரல் பருமன். தலை பெருத்து, உடம்பு ஒட்டி, முதுகெலும்பு தெரிந்தது. குஞ்சு என்று நினைத்துக் கையில் எடுத்துப் பார்த்தேன். வயிற்றில் சினை இருந்தது. ஒரு வருஷத்துக் கிழவி அது, வளரவே இல்லை.

ஆரவாரம் அடங்கிவிட்டது. நாட்டாமை மட்டும் பக்கத்தில் வந்தார். "சிறுவலை இருந்தா போட்டு அள்ளிக்கிடுங்க ராவுத்தரே. தண்ணி வத்திட்டா அதுவும் செத்துப் போவும்" என்றார். குரலில் கோபமே இல்லை. காலிக்கூடைகளோடு எல்லோரும் கலைந்து போனார்கள். மச்சான் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"ஒருத்தரும் ஏசல பாத்தியா மாப்ள? ஏசிருந்தா நானும் ஒரு பதில் சொல்லிருப்பேன்."

பிறகு சிறுவலை போட்டுப் பிடித்தது ஆறு கூடை. திரும்புகால் சவாரிக்காக ஊரிலேயே தங்கிவிட்ட இருளப்பன் வண்டியில் அதை மறுநாள் ராஜபாளையம் சந்தைக்கு ஏற்றிக்கொண்டு போனோம். நான் அப்படியே ஊர் திரும்புவதாக ஏற்பாடு. சந்தையில் நல்ல கூட்டம். சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்த தெலுங்குக்கார அம்மாள் ஒருத்தி எங்கள் கூடையில் கைவிட்டுக் கிளறினாள். "ஏமி இது? மீனா, மீனுக்குப் போடுற இரையா?" என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டாள். எதிர்க்கடையில் கை நீள விரால்கள் கிடந்தன, முதுகு கறுத்துக் கொழுத்து. மச்சான் போய் எந்த ஊர் மீன் என்று விசாரித்தார். மருதடி. நத்தமேட்டுக்கு வடக்கே மலையோரம் நாலு மைல். விற்கிறவன், போன மாசிக்குப் பின் எங்கிருந்தோ நாரைக்கூட்டம் வந்து எங்கள் கண்மாயில் இறங்கிவிட்டது, நாற்றம் தாங்கவில்லை என்று அலுத்துக்கொண்டான். ஆனால் விரால்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினான். எங்கள் மீனைக் கடைசியில் தென்னைக்கு உரமாகக் கேட்டவருக்குக் கொடுத்துவிட்டோம்.

திரும்பும்போது, ரஸ்தா வேண்டாம், மருதடி வழியாகச் செண்பகத்தோப்புப் பாதையைப் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகலாம், நானும் கூட வருகிறேன் என்றார் மச்சான். வண்டியில் காலிக்கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார், மறுபடி பிரித்து அடுக்கினார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பேனா? அவரைத் தேற்றுவதாக நினைத்து, வருகிற வழியில் கண்டதையெல்லாம் அளந்தேன். சிவகாசிப் பக்கம் கண்மாய்க்குக் கண்மாய் நாரை மேய்வதையும், சாண் நீளக் கெளுத்தியை ஒன்று விழுங்கினதையும், பொழுது சாய்ந்ததும் எல்லாம் மேற்கே திரும்பினதையும் சொன்னேன். மச்சான் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கெளுத்தியா?"

"ஆமா மச்சான். கண்ணால பாத்தேன்."

அவர் என் கையை விட்டுவிட்டார். "அன்னைக்கு சபையில நான் தூக்கிக் காட்டுனது கெளுத்தி, மாப்ள. நம்ம கண்மாயில கெளுத்தி ஏது?"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. அது நத்தமேட்டு மீனே அல்ல. பத்து ஊர்த் தண்ணீரில் வளர்ந்ததை வாயிலும் வயிற்றிலும் சுமந்து வந்து, நாரைகள் நத்தமேட்டு மரத்தில் உட்கார்ந்து குஞ்சுக்கு ஊட்டின. எச்சமாகப் போட்டன. எச்சம் பாசியாயிற்று, பாசியைத் தின்று பூச்சி, பூச்சியைத் தின்று கெண்டை, கெண்டையைத் தின்று விரால். மிஞ்சினது மடைவழியே வயலுக்குப் போய் நெல்லாயிற்று. அலகு எடுத்ததை மச்சான் எண்ணினார். வால் கொடுத்ததை எண்ணவில்லை. போதாக்குறைக்கு, தின்கிற வாய்கள் குறைந்ததும் பொரித்த குஞ்சு மீனெல்லாம் பிழைத்து, இருக்கிற கொஞ்சம் பாசிக்கு அடித்துக்கொண்டு பட்டினியில் கிடந்தன. சபையில் நூறு பேர் இருந்தார்கள். அந்தக் கண்மாய் மீனைத் தின்று வளர்ந்தவர்கள். ஒருவர்கூட இது நம்ம ஊர் மீன் இல்லையே என்று கேட்கவில்லை. கிடைக்கப்போகிற மீனிலேயே எல்லோருக்கும் கண்.

அவரைத் திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. என் மச்சான் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

மருதடி எல்லையில் ஒரு வேம்பு. அதன் அடியில் யாரோ வைக்கோல் பிரி போட்டு வைத்திருந்தார்கள். இருளப்பன் இதற்குள் சேதி கேட்டிருப்பான் போல. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். தூரத்தில் கண்மாய் மரங்கள் தெரிந்தன. கூடுகளில் முக்கால்வாசி வளர்ந்த குஞ்சுகள் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தன. பழைய நாற்றம் காற்றில் வந்தது. நல்ல பசியில் வீட்டு அடுப்பு வாசனை வருமே, அப்படி இருந்தது எனக்கு.

இருளப்பன் வைக்கோலைக் கையில் எடுத்தான். மச்சான் அதற்குள் குதித்து இறங்கி இரண்டு மாட்டுக்கும் நடுவே போய் நின்றார். இரண்டு கையாலும் இரண்டு மணியையும் இறுகப் பிடித்துக்கொண்டார். வைக்கோல் திணிக்கிறேன், நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள் என்று இருளப்பன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அப்படியே நடந்தார். நானும் இறங்கிப் பின்னால் நடந்தேன். ஊர் எங்களைப் பார்த்தது. யாருக்கும் அவரைத் தெரியாது. கரையோரப் பாதையில் மரங்களுக்கு நேர்கீழே போகும்போது என் செருப்புச் சத்தம்கூட எனக்குப் பெரிதாகக் கேட்டது. ஒரு நாரை கழுத்தை நீட்டி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி குஞ்சுக்கு ஊட்டத் தொடங்கிற்று.

தூத்துக்குடியில் எங்களுக்குக் கடல். எவ்வளவு அள்ளினாலும் யாரோ அந்தப் பக்கமிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பதாக நினைத்துத்தான் இத்தனை நாளாக வலை விற்றேன். அந்த யாரோ யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஊர் முடிந்தது. கண்மாய் பின்னால் போய் அரைமைல் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாதை பிரிகிற இடத்தில் இருளப்பன் வண்டியை நிறுத்தினான்.

"ஊரு தாண்டிட்டு ராவுத்தரே. இனிமே மணிய விடுங்க."

மச்சான் பிடியை இன்னும் இறுக்கினார். விடவில்லை.

"செத்த தூரம் போவட்டும்ப்பா" என்றார். "கூட்டுல குஞ்சு இருக்கு."