அந்தோனியாருக்கு முன்னால் பச்சை விளக்குக்காகக் காத்திருந்தேன்

நம் ஜெபக்குழுவில் பலர் அழுதுகொண்டு சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். என் சாட்சிக்கு என் மனைவி றோஸ்மேரி சிரிப்பாள். சிரிக்கட்டும், அந்தக் காரில் அவளும் இருந்தாள்.

போன வருடம் என் பார்வை மங்கத் தொடங்கியது. கொழும்புத் துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு மிஞ்சிய ஒரே பெருமை, என் பழைய கார். றோஸ்மேரியைக் கொட்டாஞ்சேனையிலிருந்து களுபோவிலை ஆஸ்பத்திரி க்ளினிக்குக்குக் கூட்டிக்கொண்டுபோவதும் நான்தான். கண் தெரியவில்லை என்றால் சாவியைப் பறித்துவிடுவார்களே என்று பயந்தேன். அதனால் டாக்டரிடம் போகாமல் ஆண்டவரிடம் போனேன். தினமும் இரண்டு விண்ணப்பம். என் கண் விஷயம் ஒருவருக்கும் தெரியக்கூடாது. என் காரால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சிலுவைப்பாதை முடிந்து வந்துகொண்டிருந்தோம். மழை இருட்டு. சந்தியில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. மரியாதையாக நிறுத்தினேன். பின்னால் த்ரீவீல்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். சட்டத்தை மதிக்காத சனம் என்று திட்டினேன். பச்சை வருவதாக இல்லை. ஏன் நிற்கிறோம் என்று றோஸ்மேரி கேட்டாள். சிக்னல் என்றேன்.

"அது சிக்னல் இல்லங்க. அந்தோனியார்."

சந்திக்குச் சந்தி நாம் வைக்கும் கண்ணாடிக் கூடு. உள்ளே சொரூபம், மேலே சிவப்பு பல்ப். கும்பிடத்தான் நிறுத்தினேன் என்று சமாளித்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அடுத்த சந்தியிலும் சிவப்பு. இன்னொரு முறை ஏமாறுவேனா? இதுவும் அந்தோனியார்தான் என்று முடிவு செய்து, சிலுவை போட்டுக்கொண்டே அழுத்தினேன். றோஸ்மேரி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கார் குலுங்கி நின்றது. ஒரு முழத் தூரத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய் நின்றாள். அவள் முகம் மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஸ்டீயரிங்கில் தலை வைத்து அழுதேன்.

பொலிஸ்காரர் வந்து சிங்களத்தில் லைசன்ஸ் கேட்டார். நீட்டினேன். அவர் நின்றது இந்தப் பக்கம், நான் நீட்டியது அந்தப் பக்கம். அதோடு என் முதல் விண்ணப்பம் முடிந்தது. ஆனால் இரண்டாவதை ஆண்டவர் கேட்டருளினார். அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதற்கு நான் எப்படி நன்றி சொல்லி முடிப்பேன்?

விழித்திரை பழுது, போன பார்வை திரும்பாது, இனி ஓட்டவே கூடாது என்றார் கண் டாக்டர். சாவியை நானே றோஸ்மேரியின் கையில் கொடுத்தேன். ஐம்பத்தெட்டு வயதில் பழகி, இரண்டாம் முறையில் லைசன்ஸ் எடுத்தாள்.

சகோதரங்களே, குறையை மறைக்க உதவி கேட்காதீர்கள். காப்பாற்றச் சொல்லிக் கேளுங்கள், அவர் கேட்பார். முன்பு ஒப்புக்கு ஜெபித்த நான், இப்போது பக்கத்து சீட்டில் கண்ணை இறுக மூடி, முழு மனதோடு ஜெபிக்கிறேன். புறக்கோட்டை பஸ்களுக்கு நடுவில் அவள் வெட்டித் திருப்பும்போது ஜெபமாலை தானாக ஓடுகிறது. உங்களில் யாருக்காவது விசுவாசம் குறைந்திருந்தால் ஞாயிறு பூசைக்கு எங்களோடு வாருங்கள். பின் சீட் காலியாகத்தான் இருக்கிறது.