கலசத்துக்கு மேலே நானூறு அடி

ட்ரோன் வாங்கிய புதிதில் நான் அமெரிக்கச் சட்டத்தை மிகச் சரியாகக் கடைப்பிடித்து வந்தேன். தொழிலை யூடியூபில் கற்றுக்கொண்டதால் வந்த ஒழுக்கம் அது. ஒரு கட்டடத்தை ஒட்டிப் பறக்கவிட்டால் அதன் உச்சியிலிருந்து இன்னும் நானூறு அடி மேலே போகலாம் என்று ஒரு வெள்ளைக்காரர் அழகாகப் படம் போட்டு விளக்கியிருந்தார். வாடிப்பட்டிப் பக்கம் ஒரு செங்கல் சூளைப் புகைபோக்கியை அந்தக் கணக்கில்தான் படம் எடுத்தேன். பிறகு சான்றிதழுக்காகப் பயிற்சிக்குப் போனபோது, நம் நாட்டில் அந்தச் சலுகை இல்லை, கோபுரம் நின்றாலும் புகைபோக்கி நின்றாலும் தரையிலிருந்துதான் நானூறு அடி என்றார்கள். விமான நிலையத்தை நெருங்க நெருங்க அதுவும் குறையும். சில இடங்களில் பறக்கவே கூடாது. அன்றிலிருந்து இந்தியனாக நடந்துகொள்கிறேன்.

புதிதாகத் திருந்தியவன் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே நடந்துகொள்கிறேன். ரிமோட்டின் திரையில் தெரியும் உயரம், ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து எண்ணுவது. மொட்டைமாடியிலிருந்து கிளப்பினால் நானூறிலிருந்து மாடியின் உயரத்தைக் கழிக்க வேண்டும். பாதிப் பேர் கழிப்பதில்லை. நான் கழிப்பேன். கல்யாண வீட்டுக்காரர்கள் "இன்னுங் கொஞ்சம் ஏத்துங்கண்ணே" என்று கெஞ்சுவார்கள். ஏற்றமாட்டேன். எங்கள் கோச்சடையில் என் முதுகுக்குப் பின்னால் என்னை நானூறடி என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள்.

என் தங்கை இருப்பது மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில். அவளும் மாப்பிள்ளையும் யாரையும் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். எங்கள் வீட்டில் கோபம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. அவளுடைய மாமனார் அவளை வீட்டுக்குள் விட்டார், அவள் சமைத்ததைச் சாப்பிட்டார், அவளோடு பேசுவது மட்டும் இல்லை. நாலு வருஷமாகப் பேசவில்லை. சொல்ல வேண்டியதை மகனிடம் சொல்வார். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாலும் மகன் அதை வாங்கி அவளிடம் சொல்வான். மகன் வீட்டில் இல்லாத நேரத்தில் குழம்பில் உப்புக் கூடிவிட்டால் மாட்டிடம் சொல்வார். மாடு என்ன செய்யும்? தங்கை போனில் இதையெல்லாம் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பிப்பாள். முடிக்கும்போது சிரிப்பு இருக்காது. எனக்கு அந்த மனிதர்மேல் இருந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த ஊர் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்தார்கள். விழாக் கமிட்டித் தலைவர் அவளுடைய மாமனார்தான். அண்ணனை வைத்து ட்ரோனில் படம் எடுக்கலாம் என்று தங்கை புருஷனிடம் சொல்ல, அவன் அப்பாவிடம் சொல்ல, அவர் "வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்து ஆளை அந்த வீட்டுக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, இது மட்டும் நல்லபடியா முடிஞ்சுருச்சுன்னா மாமா என்கிட்டப் பேசிருவாகண்ணே," என்றாள் தங்கை.

எந்தக் கல்யாண வீட்டுக்காரரும் என் தலையில் இப்படி ஒரு பாரத்தை வைத்ததில்லை.

முதல் நாள் சாயங்காலம் யாகசாலைப் பந்தலில், ஆகாயத்தை எப்படிப் பங்கு வைப்பது என்று கமிட்டி கூடிப் பேசியது. கோபுரக் கலசத்தில் புனித நீர் ஊற்றும் முன் கருடன் வந்து மேலே ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். சுற்றினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று ஊர் நம்பும். அந்த நேரத்தில் என் ட்ரோன் எங்கே இருப்பது என்பதுதான் கேள்வி.

"கலசத்துக்கு மேல கருடன்தான் பறக்கணும். வேற எதுவும் பறக்கப்படாது," என்றார் ஒருவர்.

"அப்ப செல்போன் டவரு?" என்றார் இன்னொருவர்.

"அது எங்க பறக்குது? நிக்கிதுல்ல."

"மெட்ராஸ் பிளேனு?"

"அது அம்மனுக்குத் தெரியும்."

நான் சர்க்காரின் நானூறு அடியைச் சொன்னேன். அது எத்தனை பனை உயரம் என்று கேட்டார்கள். நாலைந்து பனை வரும் என்றேன். ஓர் ஆளுக்கு அது ரொம்ப அதிகம் என்று பட்டது, இன்னோர் ஆளுக்கு இம்புட்டுத்தானா என்று பட்டது. கடைசியில் மாமனார் தீர்ப்புச் சொன்னார். கருடன் வரும்வரை ட்ரோன் கலசத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கருடன் வந்துவிட்டுப் போனபின் சர்க்கார் சொன்ன உயரம்வரை போய்க்கொள்ளலாம். எனக்கு இது நியாயமாகவே பட்டது. பக்கத்து ஊரில் வயலுக்குப் பூச்சிமருந்து அடிக்கிற ட்ரோனை வைத்துத் தீர்த்தம் தெளித்திருக்கிறார்கள். அதை நன்றாகக் கழுவினார்களா என்று அங்கே யாரும் கமிட்டி கூட்டவில்லை.

மறுநாள் காலை மாமனார் வீட்டு மொட்டைமாடியிலிருந்து கிளப்பினேன். அங்கிருந்து பார்த்தால் ஒரு வயல் தள்ளிக் கோயில். கூட்டத்தின் தலைக்கு மேலே கொண்டுபோகாமல், ட்ரோனை வயலுக்கு மேலே, கலசத்துக்குக் கீழே, ஊர்ச் சட்டப்படி நிறுத்தினேன். நான் திரையைப் பார்க்கும்போது ட்ரோனைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க ஓர் ஆள் வேண்டும். தங்கையை நிறுத்திக்கொண்டேன்.

மாமனாரும் மாடிக்கு ஏறி வந்தார். கருடன் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அங்கிருந்து முதலில் தெரியும். தெரிந்ததும் அவர் துண்டை வீசிக் காட்ட, கோபுரத்தின் மேல் சாரத்தில் நிற்கும் குருக்கள் நீரை ஊற்ற வேண்டும். மாப்பிள்ளை குருக்களுக்குப் பக்கத்தில் குடத்தோடு நின்றான். ஆகவே மாடியில் மாமனாருக்கும் மருமகளுக்கும் நடுவில் பேச்சை வாங்கிக் கொடுக்க ஆளில்லை. அந்த வேலை எனக்கு வந்தது.

"தம்பி, ஒங்க தங்கச்சியக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. வடக்க மறைக்கிது."

அவள் அவருக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றாள். நான் சொன்னேன். தள்ளி நின்றாள்.

கருடன் வரவில்லை. விடியற்காலையிலிருந்து வேட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நாலு திசையிலும் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். மானமுள்ள எந்தப் பறவையும் அந்தப் பக்கம் தலைவைக்காது என்பது என் கருத்து. என் கருத்தை யாரும் கேட்கவில்லை. ஒரு காக்கை வந்தது. கொஞ்சப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிறகு பக்கத்து ஆளைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்கள். நான் பேட்டரி மாற்றி மறுபடி ஏற்றினேன். குருக்கள் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், எங்கள் மாடியைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடியப் போகிறது.

மாமனாரின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. அவருக்கு ஊரில் ஆகாதவர்கள் இருந்தார்கள். கருடன் வராவிட்டால் அது யாருடைய குற்றம் என்று அவர்கள் முடிவு செய்துவைத்திருப்பார்கள்.

"தம்பி, அதக் கொஞ்சம் மேல ஏத்துங்க," என்றார்.

"கலசத்துக்கு மேலயா மாமா?"

"ஏத்துங்க சொல்றேன்."

சட்டம் போட்டவரே சொல்கிறார். ஏற்றினேன். திரையில் நூற்றுப்பத்து மீட்டர் வந்ததும் ட்ரோன் தானாக நின்றுவிட்டது. அது நான் போட்டுவைத்திருக்கும் பூட்டு. சர்க்காரின் நானூறு அடி நூற்றிருபது மீட்டர், அதில் மாடியைக் கழித்தது போக மிச்சம் இது என்று அவருக்கு விளக்கினேன்.

அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "இன்னும் ட்ரோனுன்னுதான் தெரியிது. லைட்டு வேற மினுக்குது. இன்னும் ரெண்டு பனை ஒசரம் ஏத்தி, அப்படியே கோபுரத்தச் சுத்தி ஒரு வட்டம் விடுங்க."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ட்ரோனைக் கல்யாணத்துக்கு ஓட்டியிருக்கிறேன், காதுகுத்துக்கு ஓட்டியிருக்கிறேன், மனை விற்பவர்களுக்கு ஓட்டியிருக்கிறேன். பெருமாளின் வாகனமாக ஓட்டியதில்லை.

"நானூறு அடிக்கு மேல கூடாது மாமா."

"கோபுரத்துல இருந்து நானூறுன்னு வச்சுக்கங்க."

"அது அமெரிக்காவுல மாமா."

"இன்னைக்கு ஒரு நாளைக்கு அமெரிக்கான்னு வச்சுக்கங்களேன். இல்லைன்னா மாடியக் கழிச்சீகல்ல, அதையாவது திருப்பிக் குடுங்க."

மாடியைத் திருப்பிக் கொடுத்தாலும் ட்ரோன் கருடனாகாது என்று எனக்குத் தெரியும். இரண்டு பனை ஏற்றினால் ஆகும் என்பதும் தெரியும். கீழே அத்தனை பேரும் அண்ணாந்துகொண்டு, எதையாவது கண்டால் கும்பிடத் தயாராக நின்றார்கள். நான் தங்கையைப் பார்த்தேன். இந்த மனிதர் எங்கள் குடும்பத்திடம் கேட்ட முதல் உதவி இது. செய்தால் சாயங்காலமே அவளோடு பேசிவிடுவார். நாலு வருஷம் மாட்டுக்குச் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு முன்னால் நானூறு அடி எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. பூட்டை எடுக்க விரல் திரைக்குப் போய்விட்டது. போனதற்கு நான் வெட்கப்படவில்லை.

அவள் கை வந்து என் விரலைப் பிடித்தது. கண் மட்டும் ட்ரோனைவிட்டு இறங்கவில்லை. பார்க்கச் சொன்ன வேலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வேணாம்ணே. நீ இன்னைக்கு எடுத்துட்டுக் கோச்சடைக்குப் போயிருவ. நாளையில இருந்து ஊரே கருடன் வந்துச்சு, கருடன் வந்துச்சுன்னு சொல்லும். ஒவ்வொரு தடவையும் நானும் மாமாவும் ஒரே வீட்டுல ஒக்காந்து அதக் கேக்கணும்."

"தம்பி, அந்தப் புள்ளைய நடுவுல பேச வேணாம்னு சொல்லுங்க," என்றார் மாமனார்.

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் பார்க்க ஒன்றுமில்லை. அவர் கோபுரத்துப் பக்கம் திரும்பி மகனைப் பார்த்தார். மகன் ஒரு வயல் தூரத்தில் குடத்தோடு நின்றான். மாடு கீழே கொட்டகையில் இருந்தது. அவருக்கு வேறு வழியில்லாமல் போய்விட்டது. நேராக அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, ஒனக்குக் கொஞ்சமாச்சும் அறிவு இருக்கா? ஊரே கூடி நிக்கிது. நேரம் முடியப் போகுது. இப்படிக் கருடன் வராமத் தண்ணிய ஊத்துனா நாளைக்கு என்னைய எவன் மதிப்பான்? நீ வந்து மதிப்பியா?"

"மதிப்பேன் மாமா," என்றாள்.

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கோபுரத்தைப் பார்த்து வீசினார். குருக்கள் ஊற்றினார். கீழே எப்போதும்போல் ஓம் சக்தி, பராசக்தி என்று கத்தினார்கள். கலசத்திலிருந்து வெயிலில் தண்ணீர் வழிந்ததை, சட்டத்துக்கு உட்பட்ட உயரத்திலிருந்து முழுதாக எடுத்தேன். கருடன் கடைசிவரை வரவில்லை.

மாமனார் படியிறங்கிப் போனார். நான் ட்ரோனை இறக்கி விசிறிகளை மடக்கிக்கொண்டிருந்தேன். தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அழுதிருந்தாள். முகம் மட்டும் கல்யாணப் பெண்ணின் முகம்போல் இருந்தது.

"அண்ணே, அது இதுல பதிஞ்சிருக்குமா?"

"எது?"

"மாமா என்னையத் திட்டுனது."

ட்ரோனில் படம்தான் பதியும், சத்தம் பதியாது என்றேன்.

"ஏம்மான்னு கூப்புட்டாகண்ணே," என்றாள்.