மாலைக்குள் ஒரு மைக்

மேடையில் என் மகனின் கல்யாண மாலைக்குள் வீடியோக்காரர் ஒரு சின்ன மைக்கைச் சொருகினார். அதன் கறுப்புப் பஞ்சைப் பார்த்ததும் அக்காவின் கல்யாணம் நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. துபாயிலிருந்து வீடியோ கேமராவோடு வந்திருந்த சித்தப்பா, "கேமரா மைக்ல மேளந்தான் விழும். பேச்சு வேணும்னா மைக்கு வாய்க்குக் கிட்ட இருக்கணும்" என்று, நீள வயர் வைத்த மைக்கை மாப்பிள்ளையின் மாலையில் கட்டினார். இந்த மேளத்தில் யாருக்கு என்ன கேட்கப்போகிறது என்று மாப்பிள்ளை நினைத்திருப்பார்.

மறுவீட்டு விருந்தன்று எல்லாரும் டி.வி. முன் உட்கார்ந்து கேசட் பார்த்தோம். மாப்பிள்ளையின் குரல் அத்தனை தெளிவாகக் கேட்டது.

"போட்டோல இம்புட்டுக் கருப்பாத் தெரியலையேம்மா."

"தாலியக் கட்டுலே. மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் வேணும்லா" என்றது அவர் அம்மாவின் குரல்.

அக்கா பாயச டம்ளரோடு நின்றாள். மாப்பிள்ளை இன்னொரு வடை எடுத்துக்கொண்டார். அப்பா சித்தப்பாவிடம், "ஏலே, அந்த எடத்துல மேளத்தப் போட்டு மூடிரு" என்றார். சித்தப்பா நாதஸ்வர கேசட்டை ஓடவிட்டு அந்தப் பேச்சின் மேல் பதிந்தார். சாயங்காலம் அக்காவையும் கேசட்டையும் மாப்பிள்ளையோடு அவர் ஊர் ஏரலுக்கு அனுப்பிவைத்தோம்.

இப்போது மணப்பெண் மேடையேறினாள். முதல் வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மகன் பெண்ணைப் பார்த்து முகம் சுளித்து, "எம்மா..." என்று என் காதருகே குனிந்தான்.

நான் மைக்கைக் கைக்குள் இறுகப் பொத்திக்கொண்டேன்.

"இப்பச் சொல்லுலே."